மனசுக்கும் ஓ.பி. சீட்டு: டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் வரலாறு



நமது ஆண்டு மலரில் வருஷா வருஷம் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வருவது வழக்கம். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், ஜி.டி. நாயுடு, சர் சி.வி. ராமன் என்று பாலிடெக்னிக் மலருக்குப் பொருத்தமான ஆட்களை எல்லாம் நம் சீனியர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். இந்த வருஷம் நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். என்னடா இது, மெக்கானிக்கல்காரனுக்கு டாக்டர் எதுக்கு என்று கேட்காதீர்கள். லேத் மெஷின் சத்தம் மாறினால் எங்கே பழுது என்று நமக்குச் சொல்லித் தர லேப் இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், மேனுவல் இருக்கிறது. மனசு சத்தம் மாறினால் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் முதன்முதலில் உருப்படியாக ஒரு வழி செய்தவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போஸ் என்றதும் நமக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஞாபகம் வருவார். பிசிக்ஸ் பிடித்தவர்களுக்கு ஜகதீஷ் சந்திர போஸும் சத்யேந்திரநாத் போஸும் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஸ்பீக்கர் செய்த அமர் போஸைச் சொல்வார்கள். இவர்களோடு எண்ண வேண்டிய இன்னொரு போஸ், டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். மனோதத்துவம் படித்தவர்கள் மத்தியில் உலகம் பூராவும் தெரிந்த பெயர். நம்ம பக்கம்தான் அவ்வளவாகப் பரவவில்லை.

திவான் வீட்டுப் பிள்ளை

கிரீந்திரசேகர் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி பீகாரில் உள்ள தர்பங்காவில் பிறந்தார். குடும்பம் வங்காளக் குடும்பம். தகப்பனார் சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவின் எஸ்டேட்டை நிர்வாகம் செய்த திவான். வேதாந்தம், சாஸ்திரம் என்று ஆழ்ந்து படித்தவர். அண்ணன் தம்பி நான்கு பேரில் நம்மவர்தான் இளையவர்.

இவருடைய அண்ணன் ராஜசேகர் போஸையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கெமிஸ்ட்ரி படித்தவர். விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து அதை வளர்த்தவர். சாயங்காலம் ஆனால் பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதுவார். வங்காள மொழிக்கு நல்ல அகராதி ஒன்றையும் தொகுத்தார். ஃபாக்டரி வேலை பார்க்கிறவன் இலக்கியம் பக்கம் போகக் கூடாது என்பவர்களுக்கு இவர் ஒருவரே பதில். இந்த அண்ணன் பின்னால் தம்பிக்குச் செய்த பெரிய உதவி ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

கிரீந்திரசேகருக்கு அந்தக் கால வழக்கப்படி 17 வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கல்கத்தாவில் படித்து 1910-இல் எம்.பி. பட்டம் பெற்று டாக்டரானார். சிறு வயதிலிருந்தே மேஜிக்கிலும் ஹிப்னாடிசத்திலும் அவருக்கு ஆசை. சாதாரணமாக நம்மில் ஒருவர் ஹிப்னாடிசம் கற்றால் யாரை மயக்கலாம் என்றுதான் யோசிப்போம். அவர் யோசித்தது வேறு மாதிரி. வெறும் பேச்சால் ஒருவனைத் தூங்க வைக்க முடியும், கையைத் தூக்க முடியாமல் செய்ய முடியும் என்றால், அந்தப் பேச்சு உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது? அதே வழியில் நோயும் உள்ளே போக முடியுமா? மருந்தும் போக முடியுமா?

மருந்துக்கு அடங்காத வியாதிகள்

டாக்டர் தொழிலை ஆரம்பித்ததும் அவர் கவனித்த விஷயம் ஒன்று. சில பேருக்கு வியாதி இருக்கும், ஆனால் உடம்பில் காரணம் இருக்காது. நெஞ்சு படபடக்கும், இருதயம் நன்றாக இருக்கும். கை கால் வராது, நரம்பு நன்றாக இருக்கும். தூக்கம் போய்விடும், சோறு இறங்காது, வீட்டை விட்டு வெளியே வரப் பயமாக இருக்கும். இப்படிப்பட்டவர்களை அன்றைக்குப் பல டாக்டர்கள் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நடிக்கிறான் என்பார்கள். ஊரில் பேய் என்பார்கள்.

போஸ் அந்த நோயாளிகளை உட்கார வைத்துப் பேசவிட்டார். முதலில் ஹிப்னாடிசம் செய்து பார்த்தார். சிலருக்குக் கேட்டது. ஆனால் கொஞ்ச நாளில் அந்த நோய் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. மேலே வெள்ளையடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் போகுமா? ஹிப்னாடிசத்தை ஓரம் கட்டினார்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் சிக்மண்ட் பிராய்ட் என்ற டாக்டர், நோயாளியைப் படுக்க வைத்து மனசில் தோன்றுவதை எல்லாம் தடையில்லாமல் சொல்ல வைக்கும் புது முறையைக் கண்டிருந்தார். நாம் ஒத்துக்கொள்ள வெட்கப்படும் ஆசைகளை மனசு கீழே அமுக்கி வைக்கிறது, அமுக்கியது சும்மா இருக்காமல் வியாதியாகவும் கனவாகவும் வெளியே வருகிறது என்பது அவர் கொள்கை. அவர் எழுதியதெல்லாம் ஜெர்மன் மொழியில். இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்தன. போஸுக்குக் கிடைத்தது பத்திரிகைகளில் வந்த சில கட்டுரைகள் மட்டுமே. அதை வைத்துக்கொண்டும், தன் நோயாளிகளிடம் பார்த்ததை வைத்துக்கொண்டும், கல்கத்தாவில் தன்னந்தனியாக அதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். சில முடிவுகளுக்கு அவர் பிராய்டைப் படிக்கும் முன்பே சுயமாக வந்திருந்தார்.

டாக்டர் மறுபடி மாணவன் ஆனார்

நண்பர்களே, எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத்துக்கென்று தனித் துறை ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு துறை வந்தது அதுவே முதல் முறை. நன்றாகத் தொழில் ஓடிக்கொண்டிருந்த டாக்டர் போஸ், ஏறக்குறைய 30 வயதில், சின்னப் பையன்களோடு சேர்ந்து அந்தத் துறையில் எம்.எஸ்சி. படிக்கப் போனார். காலையில் நோயாளிகளைப் பார்ப்பது, அப்புறம் வகுப்பில் போய் உட்காருவது. 1917-இல் தேர்ச்சி பெற்றதும் அதே துறையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போகும் நம்மில் பல பேர், நாலு வருஷம் கழித்து இனிமேல் படிப்பதா என்று கூச்சப்படுகிறோம். லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருஷம் பி.இ. சேர்ந்தால் அங்கே உள்ள பையன்கள் என்ன நினைப்பார்களோ என்று பயப்படுகிறோம். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள அந்த டாக்டர் கூச்சப்படவில்லை.

1921-இல் அவர் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். மனோதத்துவத்தில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்த முதல் டாக்டர் பட்டம் அதுதான். ஆசைகள் எப்படி அமுக்கப்படுகின்றன என்பதே ஆராய்ச்சியின் பொருள். அது அந்த வருஷமே புத்தகமாகவும் வந்தது. ஆக அவர் மருந்து எழுதும் டாக்டரும் ஆனார், மனோதத்துவ நிபுணரும் ஆனார். இன்றைக்கு இந்த இரண்டும் தனித்தனிப் படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்தவர் மனநல மருத்துவர், அவர் மருந்து கொடுப்பார். உளவியலில் மேல்படிப்பும் பயிற்சியும் முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அவர் சோதனைகள் செய்வார், பேச்சு முறையில் சிகிச்சை தருவார். போஸ் ஒரே ஆளாக இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்.

வியன்னாவுக்கு ஒரு பார்சல்

புத்தகம் அச்சானதும் ஒரு பிரதியை நேராகப் பிராய்டுக்கே தபாலில் அனுப்பினார். அன்றைக்கு நாம் வெள்ளைக்காரனுக்கு அடிமை நாடு. அங்கிருந்து முகம் தெரியாத ஒருவர், தன் கொள்கையின் மையத்தையே எடுத்துக்கொண்டு இவ்வளவு ஆழமாக எழுதியிருப்பதைக் கண்டு பிராய்ட் ஆச்சரியமும் சந்தோஷமும் அடைந்து பதில் எழுதினார். அப்படித் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை.

அதில் ஒரு வேடிக்கை. பிராய்டின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், ஜதீந்திர குமார் சென் என்ற ஓவியரை வைத்துக் கற்பனையாகவே ஒரு படம் வரையச் செய்து பிராய்டுக்கு அனுப்பினார் போஸ். படம் ரொம்ப அழகாக இருந்தது, ஆனால் பிராய்ட் மாதிரி இல்லை! பிராய்ட் அதை ரசித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளத் தன் போட்டோவை அனுப்பி வைப்பதாக எழுதினார். 1931-இல் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று பரிசாகப் போனது. பிராய்ட் அதைத் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார். வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாமல் தந்தத்தில் விரிசல் விட்டதையும் கவலையோடு குறித்து வைத்திருக்கிறார். அவர் 1938-இல் லண்டனுக்குப் போனபோது அந்தச் சிலையும் கூடவே போனது.

1922-இல் கல்கத்தா பார்சிபகான் லேனில் இருந்த தன் வீட்டிலேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைப் போஸ் தொடங்கினார். ஆரம்ப உறுப்பினர்கள் 15 பேர். பெரும்பாலும் காலேஜ் வாத்தியார்களும் டாக்டர்களும். தனிக் கட்டடம் கிடையாது, பெரிய பணமும் கிடையாது. அந்தச் சங்கத்தை உலகச் சங்கம் தன் கிளையாக ஏற்றுக்கொண்டது. இவர் தலைவர் ஆனார், இறக்கும்வரை தலைவராக இருந்தார்.

ஆனால் பிராய்ட் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சிஷ்யராக இவர் இருக்கவில்லை. ஐரோப்பாவில் உள்ள நோயாளியிடம் பிராய்ட் பார்த்ததைத் தன்னுடைய இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் பார்க்க முடியவில்லை என்று கட்டுரைகள் எழுதி அவருக்கே அனுப்பினார். நோய் ஒன்றே ஆனாலும், அது வளர்கிற வீடும் ஊரும் வேறு என்பது அவர் கண்டது. பிராய்ட் இவருடைய கொள்கையை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மரியாதை மட்டும் இருபக்கமும் குறையவே இல்லை.

மேல் இழையும் கீழ் இழையும்

சரி, அவருடைய சொந்தக் கொள்கைதான் என்ன? புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஆரணிக்காரர்களுக்கு அதை ஈஸியாகச் சொல்லிவிடலாம்.

தறியில் மிதியை மிதித்தால் என்ன ஆகிறது? பாவில் பாதி இழை மேலே போகிறது, பாதி இழை கீழே இறங்குகிறது. நடுவில் உள்ள இடைவெளியில் நாடா ஓடி ஊடை விழுகிறது. அடுத்த மிதியில் கீழே இருந்தது மேலே, மேலே இருந்தது கீழே. இரண்டும் மாறி மாறி வந்தால்தான் துணி. ஒரே பக்கம் மேலேயே நின்றுவிட்டால் தறி நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மனசில் தோன்றும் ஒவ்வொரு ஆசைக்கும் அதற்கு நேர் எதிரான இன்னொரு ஆசை கூடவே பிறக்கிறது என்றார் போஸ். அடிக்க வேண்டும் என்ற ஆசை மேலே இருந்தால், அடிபட வேண்டும் என்ற ஆசை கீழே இருக்கும். ஒருவரை வெறுக்கும் ஆசை மேலே இருந்தால், அவரால் நேசிக்கப்பட வேண்டும் என்ற ஆசை கீழே இருக்கும். மேலே உள்ளது நமக்குத் தெரியும். கீழே உள்ளது தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றுவிடும்போது அந்த இறுக்கம் வியாதியாகிறது. எதிரெதிர் ஆசைகள் என்பது இந்தக் கொள்கைக்கு அவர் வைத்த பெயர்.

சிகிச்சையிலும் அவர் ஒரு புது வழி கண்டார். நோயாளி தோன்றியதைச் சொல்லிக்கொண்டே போவது பிராய்ட் முறை. போஸ் அதோடு நிற்கவில்லை. நோயாளியை எதிராளியின் இடத்தில் வைத்துக் கற்பனை செய்யச் சொல்வார். அப்புறம் பழைய இடத்துக்கு வரச் சொல்வார். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. குழந்தைகள் விளையாடும் ஏற்றப்பலகை மாதிரி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும்.

நானே ஒரு உதாரணம் கட்டிச் சொல்கிறேன், இது அவருடைய நோயாளியின் கதை இல்லை. ஒரு பையனுக்கு அரியர் விழுந்துவிட்டது. அப்பா திட்டினார். அன்றிலிருந்து அப்பா முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. போஸ் மாதிரி ஒருவர் அவனிடம் புத்தி சொல்ல மாட்டார். திட்டு வாங்கியதைச் சொல்லச் சொல்வார். அப்புறம் நீயே அப்பா, எதிரே நிற்பது உன் பையன், ஃபீஸுக்காக முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாய், இப்போது பேசு என்பார். பையன் முதலில் சிரிப்பான். அப்புறம் திணறுவான். அப்புறம் அழுவான். கீழே கிடந்த இழை மேலே வருகிறது. அப்பா மேல் உள்ள கோபத்துக்கு அடியில், அவர் நம்மை மெச்ச வேண்டும் என்ற ஆசை கிடந்தது தெரியவரும். தெரிந்துவிட்டால் பிடி தளரும். தலைவலிக்கு அதற்குப்பின் வேலை இல்லை.

இதில் டாக்டர் செய்வது என்ன? கேட்கிறார். நடுவில் வழி காட்டுகிறார். சிரிப்பதில்லை, திட்டுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை. நம்மில் எத்தனை பேர் அரை மணி நேரம் குறுக்கே பேசாமல் ஒரு ஃப்ரெண்டு சொல்வதைக் கேட்டிருக்கிறோம்? முயற்சி செய்து பாருங்கள், ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் போடுவதைவிடக் கஷ்டமான வேலை.

1933: ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில்

அந்தக் காலத்தில் மனநோய்க்கு இருந்த ஒரே இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. உயரமான மதில், பூட்டிய கதவு. 1912-ஆம் வருஷச் சட்டப்படி பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் ஒருவரைச் சேர்ப்பார்கள். வியாதிக்காரனுக்குக் கிட்டத்தட்ட குற்றவாளி மாதிரி நடைமுறை. சென்னை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1794-இல் தோன்றியது. எத்தனையோ ஆயிரம் பேரைக் குணமாக்கிய இடம். ஆனால் நாம் அந்த ஊர்ப் பெயரையே ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வார்த்தையாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் வைத்தியம் பார்க்காமல் இருந்திருப்பார்கள்!

1933 மே மாதம் கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்று வெளிநோயாளர் பிரிவு ஒன்றைப் போஸ் தொடங்கினார். இன்றைக்கு ஆர்.ஜி. கர் மெடிக்கல் காலேஜ் என்று அழைக்கப்படுவது அதுதான். இந்தியாவில் ஒரு பொது ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு பிரிவு வந்தது அதுவே முதல் தடவை. ஜுரக்காரர், கண் வலிக்காரர், கால் முறிந்தவர் எல்லோரும் வருகிற அதே வாசல் வழியாக மனசு சரியில்லாதவரும் வரலாம். சீட்டு வாங்கலாம், டாக்டரைப் பார்க்கலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். மாஜிஸ்திரேட் வேண்டாம், மதில் வேண்டாம்.

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பெரியப்பா 30 வருஷம் தறி நெய்தவர். ஒரு வருஷம் திடீரென்று தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்றார். இரவெல்லாம் தூங்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார், பாவு பாதியில் அப்படியே கிடந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் என்பதால் வெளியே தெரியக் கூடாது என்று வீட்டில் மூடி வைத்தார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், எட்டு மாதம் போனது. கடைசியில் தெரிந்த ஒரு நர்ஸம்மா சொல்லி, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சாதாரணமாகச் சீட்டு வாங்கிக் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பேச வைத்தார்கள். சில மாதங்களில் தறிச் சத்தம் திரும்பக் கேட்டது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவது? அந்த ஓ.பி. வரிசைக்கு இந்த நாட்டில் முதல் வரிசை 1933-இல் கல்கத்தாவில் நின்றது என்று படித்தபோதுதான், இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வரிசை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்றுதான் சொல்கிறேன்.

மூன்று கட்டில் ஆஸ்பத்திரி

ஓ.பி. மட்டும் போதாது, சிலரைத் தங்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று போஸ் கண்டார். அப்போதுதான் முன்னால் சொன்ன அந்த அண்ணன் வந்தார். ராஜசேகர் போஸ் தன் வீட்டையும் நிலத்தையும் கொடுத்தார். 1940-இல் அங்கே லும்பினி பார்க் மனநல ஆஸ்பத்திரி தொடங்கியது. புத்தர் பிறந்த இடத்தின் பெயர். தொடங்கும்போது இருந்தவை மூன்றே மூன்று கட்டில்கள். அது வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரி ஆனது. அவருடைய மாணவர் தருண் சந்திர சின்ஹா பின்னாளில் அதைக் கட்டிக் காத்தார்.

1947-இல் சங்கத்தின் சார்பில் சமீக்ஷா என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். 1949-இல் குழந்தைகளுக்காகப் போதாயனா என்ற பள்ளி வந்தது. இதற்கிடையே பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பு. வங்காளத்தில் கனவுகளைப் பற்றி ஒரு புத்தகம், புராணங்களைப் பற்றி ஆராய்ச்சி, கீதைக்கு மனோதத்துவ முறையில் விளக்கம், குழந்தைகளுக்குக் கதை என்று எழுதிக்கொண்டே இருந்தார். நோயாளி எந்த மொழியில் அழுகிறாரோ அந்த மொழியிலேயே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. 1953 ஜூன் 3-ஆம் தேதி, 66-ஆம் வயதில் காலமானார்.

அவர் சொன்னது எல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. பிராய்ட் கொள்கைகளில் பலவற்றை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. போஸின் கொள்கையும் அப்படித்தான், நிரூபித்துக் காட்ட முடியாத பகுதிகள் அதில் நிறைய. கடுமையான மனநோய்க்குப் பேச்சு மட்டும் போதாது. 1952-க்குப் பிறகு குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வந்த பின்தான் அவர்களில் பலர் வீடு திரும்ப முடிந்தது. அந்த மருந்துகளின் காலத்தைப் போஸ் பார்க்கவில்லை. மாறாமல் நிற்பவை மூன்று. நோயாளியின் பேச்சைக் கேட்பது ஒன்று. மற்ற வியாதிகளோடு சமமாக அதே ஆஸ்பத்திரியில் இடம் தருவது ஒன்று. வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே ஒப்பிக்காமல் நம் ஊர் வீட்டையும் வாழ்க்கையையும் பார்த்து வைத்தியம் செய்வது ஒன்று. நமக்குப் பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்குகிறார். அதுவும் இந்தப் பாதையில் வந்த ஒரு நல்ல யோசனைதான்.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, நம் காலேஜில் சேரும்போது இருந்த ஸ்ட்ரெங்த் மூன்றாம் வருஷம் இருப்பதில்லை. நின்றவர்கள் எல்லோரும் பணக் கஷ்டத்தால் மட்டும் நிற்கவில்லை. அரியர், வீட்டுக் கடன், லவ் ஃபெயிலியர், ராகிங், இங்கிலீஷ் வராத கூச்சம், யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. ஹாஸ்டலில் ஒருத்தன் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, கிளாசுக்கு வரவில்லை என்றால் மெண்டல் என்று பெயர் வைக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். என்னடா ஆச்சு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். சாகணும் போலிருக்கு என்று அவன் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், தனியே விடாதீர்கள். ஒரு வாத்தியாரிடமோ வீட்டிலோ உடனே சொல்லுங்கள்.

திருவண்ணாமலை, வேலூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே பஸ் ஏறிப் போகும் முன் போனில் பேசவும் வழி உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம். 2017-ஆம் வருஷ மனநலச் சட்டம் வைத்தியம் பெறுவதை நம் உரிமை என்று சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த இரண்டு நம்பரையும் உங்கள் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் இப்போதே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், பக்கத்துப் பெஞ்சுக்குத் தேவைப்படலாம். கிரீந்திரசேகர் போஸுக்குச் சிலை வைக்க நம்மிடம் பணம் இல்லை. ஒரு நண்பனுக்குத் துணையாக ஓ.பி. வரிசையில் போய் நிற்க நம்மால் முடியும். தேர்வு எழுதப் போகும் எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.



— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்